அப்பாவின் போனுக்குள் வீட்டுப் பணம் முழுவதும். அம்மாவின் சிறுவாடு எங்கே போனது?

தஞ்சை_மீனா

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே கேட்கிறேன்.

போன வாரம் ஊரில் கோயில் திருவிழா. என் பையனுக்கு ஐந்து வயது. பலூன்காரரைப் பார்த்ததும் நேராக அம்மாச்சியிடம் ஓடினான். அம்மா பழக்கத்தில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சுருக்குப் பை இல்லை. அப்பா தேர்ப் பக்கம் போயிருந்தார். "தாத்தா வரட்டும்டா, போன் அவர்கிட்ட இருக்கு" என்றாள். பையன் வேறு பக்கம் ஓடிவிட்டான், அவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேரன் கேட்டு, கையில் பத்து ரூபாய் இல்லாமல் அவள் நின்றதை அதுவரை நான் பார்த்ததே கிடையாது.

அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவுக்கு என்று எண்ணி அம்மா கையில் கொடுத்துவிடுவார். பால், காய், மளிகை, கேஸ், மொய் எல்லாம் அதில்தான். அதில் அவள் மிச்சம் பிடித்தது சிறுவாடு. அரிசி டிரம்மில் கொஞ்சம், உளுந்து டப்பாவில் கொஞ்சம், பட்டுப்புடவை மடிப்பில் கொஞ்சம். நான் நர்சிங் சேர்ந்தபோது விடுதிக்குப் பணம் கட்டும் கடைசி நாளில் ஏழாயிரம் குறைந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது பணம் இருந்தது. எங்கிருந்து என்று அப்பா கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

கொரோனா சமயத்தில் அப்பா போனில் பணம் அனுப்பப் பழகினார். இன்று பால்காரர், மளிகை, பூ, கீரை, இஸ்திரி வரை எல்லாம் அவர் போனில் இருந்துதான் போகிறது. அம்மா என்ன வேண்டும் என்று சொல்கிறாள், அவர் ஸ்கேன் செய்கிறார். அவர் கையை இறுக்குகிறவர் இல்லை, கேட்டது எல்லாம் வாங்கித் தருவார். ஆனால் அம்மா கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு கடைசியாக எப்போது இருந்தது என்று அவளுக்கே நினைவில்லை.

இது உங்கள் வீடுகளிலும் நடக்கிறதா? என்ன செய்தீர்கள்?

கரூர்_மளிகை

மீனா, நான் இருபத்தைந்து வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதை நான் கல்லாவின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முன்பு எங்கள் தெருப் பெண்கள் சாமான் வாங்கும்போது சிலர் மெதுவாகச் சொல்வார்கள்: "அண்ணே, நானூற்றி எழுபதுதானே ஆச்சு, சீட்டில் ஐநூறுன்னு போட்டுடுங்க." நானும் எழுதிக் கொடுப்பேன். அந்த முப்பது ரூபாய் யாருடையது, எதற்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசு, குலுக்குச் சீட்டுத் தவணை. பத்து வீட்டுக்காவது இப்படி எழுதியிருப்பேன். தப்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பட்டியல் வாட்ஸப்பில் வருகிறது. பையன் சாமானைக் கொண்டுபோய் இறக்குகிறான். 470 என்றால் 470 அப்படியே கணவர் போனில் இருந்து வந்து சேருகிறது, பணம் வந்ததைக் கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகச் சொல்லிவிடுகிறது. எனக்குச் சில்லறைத் தொல்லை இல்லை, கள்ள நோட்டுப் பயம் இல்லை, கடனும் பாதி குறைந்துவிட்டது. தொழிலுக்கு நல்லது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண்கள் இப்போது கடைக்கே வருவதில்லை.

மதுரை_கார்த்தி

என்னை யாரும் திட்ட வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன். கணவன் மனைவிக்குள் ஒளித்து வைக்கும் பணம் எதற்கு? நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவர் கணக்கும் இருவருக்கும் தெரியும். எந்தச் செலவு யார் செய்தார் என்று மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்க்கிறோம், சண்டையே வருவதில்லை. அரிசி டிரம்மில் இருக்கும் பணத்துக்கு வட்டி உண்டா? திருட்டுப் போனால் புகார் கொடுக்க முடியுமா? எல்லாம் வெளிப்படையாக இருப்பதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

திருப்பூர்_செல்வி

கார்த்தி தம்பி, உங்கள் மனைவிக்குச் சம்பளம் இருக்கிறது. அவர் பேரில் கணக்கு இருக்கிறது. வெளிப்படையாக இருப்பது உங்கள் இருவருக்கும் சமம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். முன்பு சனிக்கிழமை வாரச் சம்பளம் கையில் கொடுப்பார்கள். கவரைப் பிரித்து இருநூறோ முந்நூறோ எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டில் கொடுப்பேன். என் கணவர் குடிப்பார். அந்த இருநூறு இல்லை என்றால் திங்கள்கிழமை அடுப்பு எரியாது.

பிறகு சம்பளம் வங்கிக்கு மாறியது. கணக்கு என் பேரில்தான். ஆனால் படிவத்தில் போன் நம்பர் என்ற இடத்தில் அவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டேன், அப்போது வீட்டில் ஒரே போன். சம்பளம் ஏறிய நிமிடமே எவ்வளவு என்று மெசேஜ் அவருக்குப் போய்விடும். என் கைக்கு வரும் முன்னால் அவருக்குத் தெரியும். பத்து ரூபாய் எடுத்தாலும் தெரியும். இரண்டு வருடம் அப்படி ஓடியது. அந்த இரண்டு வருடத்தில் என் மகளின் காதில் இருந்த கம்மல்கூட அடகுக் கடைக்குப் போய்விட்டது.

வங்கியில் காசு சேர்வது நல்லது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறுவாடு என்றால் திருட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நாங்கள் வேலை செய்த காசு.

மதுரை_கார்த்தி

அக்கா, மன்னியுங்கள். நான் என் வீட்டை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? நம்பரை மாற்றிவிட்டீர்களா?

திருப்பூர்_செல்வி

மாற்றிவிட்டேன் தம்பி. கூட வேலை செய்யும் ஒரு அக்கா கூட்டிப் போனார். தனி சிம், பழைய போன் ஒன்று ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு. வீட்டில் ஒரு வாரம் பெரிய சண்டை. அப்புறம் பழகிவிட்டது.

ஓய்வு_காசாளர்

செல்வி சொன்ன "போன் நம்பர் என்ற இடம்" இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த வாரங்களில் என் கவுன்டருக்கு வந்த பெண்களை மறக்க முடியாது. மஞ்சள் கறை படிந்த நோட்டுகள், மிளகாய் வாசனை அடிக்கும் நோட்டுகள், எட்டாக மடித்து மடித்து ஓரம் கிழிந்த நோட்டுகள். இல்லத்தரசிகள் 2.5 லட்சம் வரை கணக்கில் கட்டினால் கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசு சொன்னது. வருமான வரிக்கா அவர்கள் பயந்தார்கள்? "சார், பாஸ்புக்கில் பதியாமல் போட முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். பாஸ்புக் கணவரின் பீரோவில் இருந்தது. டிசம்பர் 30 கடைசி நாள். அதற்குப் பிறகு மாமியார் இறந்து பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது என்று ஒரு மருமகள் கட்டோடு வந்தார். நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இருபது, முப்பது வருடச் சிறுவாடு அந்த ஐம்பது நாளில் வெளியே வந்தது. பல வீடுகளில் அது திரும்ப அந்தப் பெண்ணின் கைக்குப் போகவில்லை.

சரி, இன்றைய நிலைக்கு வருகிறேன். போனில் பணம் அனுப்பும் யூ.பி.ஐ. முறை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறதோ, அந்த சிம் இருக்கும் போனில் இருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். அதை வைத்துத்தான் கணக்கு யாருடையது என்று அடையாளம் காணப்படும். ஆக, தன் பேரில் கணக்கு இருந்தும் எண் மகனுடையது என்றால், அந்தக் கணக்குக்கு யூ.பி.ஐ. மகனுடைய போனில்தான் வரும். கணக்கு அம்மாவுடையது, சாவி மகனுடையது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் ஏறத் தொடங்கியது. பணத்தைப் பெண்ணின் கணக்கிலேயே போட வேண்டும் என்று முடிவு செய்தது சரியான முடிவு. ஆனால் என் தெருவிலேயே எத்தனை வீட்டில் அந்தச் செய்தி கணவருக்கோ மகனுக்கோ போகிறது என்று எனக்குத் தெரியும். மீனா, உங்கள் அம்மாவின் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கோவை_நிரலர்

நான் இந்த டிஜிட்டல் பணப் பரிமாற்றத் துறையில் வேலை செய்கிறவன். ஐயா சொன்னதோடு சில வழிகளையும் சேர்க்கிறேன்.

ஒன்று, யூ.பி.ஐ. சர்க்கிள். 2024இல் வந்தது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், தன் கணக்கில் இருந்து செலவு செய்ய இன்னொருவரை அனுமதிக்கலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை, ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரரிடம் கேட்காமலே செலுத்தலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரர் தன் போனில் ரகசிய எண் போட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும். மீனா, அப்பாவின் கணக்கில் அம்மாவை இப்படிச் சேர்த்துவிட்டால் போதுமே? திருவிழாவில் பலூனுக்கு அம்மாவே கொடுத்திருக்கலாம்.

தஞ்சை_மீனா

தம்பி, நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பகுதி அனுமதி என்றால் கீரைக்கட்டு வாங்க அம்மா தெருவில் நிற்பாள், அப்பா குளித்துவிட்டு வந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். முழு அனுமதி என்றாலும் ஒவ்வொரு செலவும் அவர் போனில் வரிசையாகத் தெரியும். "நேற்று 60 ரூபாய் யாருக்கு?" என்று கோபமில்லாமல்தான் கேட்பார். ஆனாலும் கேட்பார். என் அம்மா இழந்தது செலவு செய்யும் வசதியை மட்டும் இல்லை, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவு செய்வதை. அவள் தங்கைக்கு, என் சித்திக்கு, கஷ்டம் வந்தபோதெல்லாம் கொடுத்தாள். அது எங்கள் யாருக்கும் சித்தி இறந்த பிறகுதான் தெரிந்தது.

கோவை_நிரலர்

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ஒரு வசதியை யோசிக்கும்போது "பயனாளர்" என்று ஒரே ஆளைத்தான் நினைக்கிறோம். வீட்டுக்குள் யார் யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது எங்கள் வரைபடத்தில் வருவதே இல்லை. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடி யூ.பி.ஐ. பரிமாற்றங்கள் தாண்டின என்ற செய்தி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதில் எத்தனை, வேறொருவர் போனுக்காகக் காத்திருந்து நடந்தவை என்று அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா பேரில், அம்மா எண்ணில் கணக்கு இருந்தால் யூ.பி.ஐ. லைட் என்று ஒன்று உண்டு. 5,000 வரை போனிலேயே ஏற்றி வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை ரகசிய எண் இல்லாமல் செலுத்தலாம். பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும் வரும், பூவுக்கு இருபது, பஸ்ஸுக்குப் பத்து என்று தனித்தனியாக வராது. பாஸ்புக்கை யார் பார்த்தாலும் கவலை இல்லை. சுருக்குப் பைக்கு மிக அருகில் வருவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வு_காசாளர்

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் இருந்து யூ.பி.ஐ. 123பே இருக்கிறது, ஒரு எண்ணுக்கு அழைத்துக் குரல் சொல்வதைக் கேட்டுப் பணம் அனுப்பலாம். ஆனால் அதற்கும் அந்தப் பதிவு எண் அவருடையதாக இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன்.

கீரைக்காரி_மகள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் பக்கம் பேசுகிறீர்கள். விற்கிற பக்கத்தையும் சொல்கிறேன்.

என் அம்மா தலையில் கூடை வைத்துக் கீரை விற்றவர், இப்போது தள்ளுவண்டி. நாலு வருடம் முன்பு வண்டியில் ஸ்கேன் அட்டை மாட்டினோம். அம்மாவுக்கு ஸ்மார்ட் போன் இல்லை என்பதால் அட்டை என் தம்பியின் கணக்கில். எங்களுக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, வியாபாரம் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

விடியற்காலை மூன்றரைக்கு மொத்த மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அங்கே கையில் காசு வேண்டும். முன்பு முதல் நாள் விற்ற காசில் முதலைத் தனியாகச் சுருட்டி வைத்துக்கொள்வார். இப்போது ஐநூறு ரூபாய்க்கு விற்றால் நானூறு தம்பி கணக்குக்குப் போய்விடுகிறது. தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்குப் பைக் தவணை அந்தக் கணக்கில் இருந்து பிடிக்கிறார்கள். அம்மா ராத்திரி "நாளைக்கு முதலுக்குப் பணம் எடுத்துக் கொடுடா" என்று கேட்பார், சில நாள் இருக்காது. அப்போது தண்டல்காரரிடம் வாங்குவார். காலையில் தொள்ளாயிரம் கொடுப்பார்கள், சாயங்காலம் ஆயிரமாகத் திருப்ப வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்று விற்றது தன் காசு. மறுநாள் முதலுக்கு வட்டிக்கு வாங்குகிறார்.

யாராவது கீரை வாங்கும்போது அந்த அம்மாவிடம் காசாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கரூர்_மளிகை

இதைப் படித்த பிறகு என் கடை வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அட்டை மருமகன் பேரில்.

நாகர்கோவில்_தையல்

எல்லோரும் வருத்தமாகவே பேசுவதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன், இதுவும் உண்மைதான்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், பதினோரு வருடமாக. முன்பு தைத்த காசு கையில் வரும், கையில் இருந்தாலே யாராவது கேட்பார்கள். நாத்தனார் கேட்பார், கொழுந்தன் கேட்பார், இல்லை என்று சொல்ல முடியாது, அலமாரியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது என் பேரில் கணக்கு, என் நம்பர், என் ஸ்கேன் அட்டை. அதில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் "இந்த மாதம் தையல் கம்மி" என்று சொல்லிவிடுவேன். போன வருடம் புது மெஷினுக்குக் கடன் கேட்டபோது வங்கியில் வரவைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நோட்டாக வாங்கியிருந்தால் என்னிடம் என்ன ஆதாரம் இருந்திருக்கும்?

மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் குடும்பத் தலைவர் கணக்கில் போடாமல் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக்கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அந்தப் பெண்கள் வேலைக்குப் போவது கூடியது என்று படித்திருக்கிறேன். படித்ததும் என் மாமியாரிடம் சொன்னேன். "கையில சாவி இருந்தா யாரும் கதவைத் திறப்பாங்க" என்றார்.

செல்வி அக்கா, அந்தக் கம்மல் திரும்பி வந்ததா?

திருப்பூர்_செல்வி

வந்தது. போன தீபாவளிக்கு மீட்டேன்.

தஞ்சை_மீனா

எல்லோருக்கும் நன்றி. சனி ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவின் கணக்கு பதினைந்து வருடம் முன்பு மகளிர் குழுவுக்காகத் தொடங்கியது. அதில் இருக்கும் எண் என் அண்ணனுடைய பழைய எண், அந்த சிம் இப்போது இல்லவே இல்லை. ஆக அவளுடைய கணக்குக்குச் சாவியே இல்லாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். பலூன் விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டில் கை வைத்தபடி இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கேட்காமல் இருக்கத்தானே அது" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள். எனக்கு அப்பா மேல் கோபம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் அவர் எண்ணிக் கொடுத்தது என்ன என்பது அவருக்கே அன்றைக்குத்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஏ.டி.எம்.முக்குப் போய் ஐயாயிரம் எடுத்து வந்தார். எல்லாம் ஐநூறாக இருந்ததால் அம்மா முறைத்தாள், மறுபடி போய்ப் பெட்ரோல் பங்கில் நூறும் ஐம்பதுமாக மாற்றி வந்தார். பாலும் பூவும் காயும் இனிமேல் அம்மா கொடுப்பதாகப் பேச்சு. ஸ்மார்ட் போன் வேண்டுமா என்று கேட்டேன், "முதல்ல பாஸ்புக்கு என் பேர்ல ஒழுங்கா இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். லைட் பற்றிச் சொன்னபோது மட்டும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். பாஸ்புக்கில் தனித்தனியாக வராது என்றது அவளுக்குப் பிடித்துவிட்டது.

பஸ் ஏறும்போது என் உள்ளங்கையில் எதையோ அழுத்தி வைத்து மூடினாள். இரண்டு நூறு ரூபாய் நோட்டு, எட்டாக மடித்தது.

ஐயா, எண் மாற்ற என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? அடுத்த வாரம் லீவு போட்டு நானே அழைத்துப் போகிறேன்.

ஓய்வு_காசாளர்

பாஸ்புக், ஆதார் அசலும் நகலும், புது சிம் போட்ட போன். சிம் அம்மா பேரிலேயே வாங்குங்கள். படிவத்தில் அவர் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும், கை நடுங்கினால் முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். திங்கள்கிழமையும் மாதத்தின் முதல் வாரமும் கூட்டமாக இருக்கும். மற்ற நாளில் பதினோரு மணிக்கு முன்னால் போங்கள்.

கீரைக்காரி_மகள்

ஐயா, ஸ்கேன் அட்டையைத் தம்பி கணக்கில் இருந்து அம்மா கணக்குக்கு மாற்றுவதற்கும் இதேதானா?

ஓய்வு_காசாளர்

முதலில் அம்மா கணக்கில் அம்மா எண்ணைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு அட்டை அவர் பேரில் புதிதாக வாங்க வேண்டும், பழைய அட்டையை வண்டியில் இருந்து கழற்றிவிடுங்கள், இரண்டும் இருந்தால் வாடிக்கையாளர் பழையதிலேயே ஸ்கேன் செய்துவிடுவார். தம்பியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கீரைக்காரி_மகள்

இன்று ராத்திரி பேசுகிறேன்.